முயலின் மேல் யாருக்கு உரிமை?

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவரை நாம் எல்லாரும் அறிவோம். குடும்பத்திலும் ஊர்ப் பஞ்சாயத்திலும், ஏன், பங்குப் பேரவையிலும்கூட அவரைக் காணலாம். ஆனால் இப்பழமொழி எத்தகைய வாழ்விலிருந்து எழுந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நண்பர்கள் கூடிக் காட்டுக்குச் சென்று, நாயை ஏவி, முயலை விரட்டி, மாலையில் ஊர் திரும்பிப் பெருமை பேசிய ஒரு காலம் அதில் ஒளிந்திருக்கின்றது.

கடலலை மோதும் குருசுக்குப்பத்தில் முயல் ஏது என்று வாசகர் வினவக்கூடும். புதுவை நகரின் வடகடலோரத்தில் வலையும் படகுமே வாழ்வு. ஆயினும் வலை இழுக்கும் கூட்டத்திற்கும் முயல் வேட்டைக் கூட்டத்திற்கும் அறம் ஒன்றே. இரண்டும் தனியொருவரால் ஆகாதவை; பலர் கூடவேண்டும், கிடைத்ததைப் பகிரவேண்டும். மீனுக்கு வலை விரிப்பதுபோலவே முயலுக்கும் நம் நாட்டார் வலை விரித்தனர். மேலும், இந்நகரத்தை நெடுங்காலம் ஆண்ட பிரெஞ்சு நாட்டின் வரலாற்றிலேயே முயல் ஒரு பெரும் உரிமைப் போரின் சின்னமாக விளங்கியது. ஆகவே அதைப் பற்றிச் சிந்திக்கப் புதுவை மக்களுக்குத் தனிக் காரணமும் உண்டு.

நம் காட்டுமுயலும் ஐரோப்பியர் வளர்க்கும் குழிமுயலும் வெவ்வேறு உயிர்கள். குழிமுயல் வளை தோண்டி அதனுள் வாழும். அதன் குட்டி உரோமமின்றி, கண் திறவாமல் பிறக்கும். காட்டுமுயலோ வளை தோண்டுவதில்லை. புல்லிடையே உடல் பதிந்த சிறு பள்ளமே அதன் வீடு. அதன் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கின்றது. நம் நாட்டு முயலின் பிடரியில் கருநிறம் இருப்பதைக் கண்டு, 1823இல் பிரெடெரிக் கூவியே என்னும் பிரெஞ்சு அறிஞர் கருங்கழுத்து முயல் என்று பொருள்படும் இலத்தீன் பெயரை அதற்குச் சூட்டினார்.

ஒளிந்துகொள்ள வளை இல்லாததால் ஓட்டம் ஒன்றே அதற்குக் காப்பு. ஆனால் அது நேர்கோட்டில் ஓடி மறைந்துவிடுவதில்லை. தான் பழகிய நிலத்தை விட்டு நீங்க மனமின்றி, வட்டமிட்டுப் புறப்பட்ட இடத்தருகே மீண்டும் வந்து சேரும். இங்கிலாந்தில் வளர்க்கப்பட்ட பீகிள் என்னும் குட்டையான நாய் இவ்வியல்பை நம்பியே வேட்டையாடியது. அது விரைந்தோடும் நாயன்று. தரையில் படிந்த மணத்தை மூக்கால் பற்றிக்கொண்டு, குரைத்தவாறே விடாது தொடரும். அதனால் குதிரை வாங்க வசதியற்றவரும் நண்பரோடு நடந்தே பின்செல்ல முடிந்தது. அறுவடை முடிந்து வயல் வெறுமையாகி, ஈரமண்ணில் மணம் தங்கி நிற்கும் குளிர்காலமே அவ்வேட்டைக்கு உகந்ததாயிற்று.

நம் நாட்டு நாயின் வழி வேறு. விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை நாயும், தென்மாவட்டங்களின் கன்னி நாயும் மூக்கைவிடக் கண்ணை நம்புபவை. மெலிந்த உடலும் நீண்ட காலும் கொண்ட அவை, முயலைக் கண்டதும் காற்றெனப் பாய்பவை. வறண்ட நிலத்தில் மணம் நெடுநேரம் நில்லாது. திறந்த வெளியில் பார்வை நெடுந்தூரம் செல்லும். நிலத்திற்கேற்ற நாயை நம் முன்னோர் உருவாக்கினர். நாயை அவர்கள் எவ்வளவு போற்றினர் என்பதற்குத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லே சான்று. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து அக்கல், வீரன் ஒருவனோடு அவனுடைய நாயாகிய கோவிவனையும் பெயர் சொல்லி நினைவுகூர்கின்றது. கள்வரைக் கடித்து நின்ற அந்நாயின் உருவமும் வீரனருகே செதுக்கப்பட்டுள்ளது.

யானை வேட்டை மன்னர்க்கும் முயல் வேட்டை எளியோர்க்கும் உரியதாகவே கருதப்பட்டது. முயலை வீழ்த்திய அம்பைவிட யானையைத் தப்பவிட்ட வேலே இனிது என்று வள்ளுவர் ஒப்பிட்டதும் இதனால்தான். தை மாதத்தில், பொங்கலையொட்டிப் பல ஊர்களில் பாரிவேட்டை என்னும் பெயரில் ஆண்கள் திரண்டு செல்வது வழக்கமாயிருந்தது. வேட்டைப்பொருள் தெய்வத்தின் முன் வைக்கப்பட்டு, பின்னர்ப் பங்கிடப்பட்டது. ஊரின் பிணக்குகள் அந்த ஒரு நாளிலேனும் மறக்கப்பட்டன.

ஐரோப்பாவிலோ எளியவர்க்கு முயலும் எட்டாக்கனியாயிற்று. பிரான்சில் வேட்டை பிரபுக்களின் தனியுரிமை. தன் பயிரைத் தின்னும் முயலைக் கண்முன் கண்டும், உழவன் கைகட்டி நிற்கவேண்டியிருந்தது. 1789இல் மன்னருக்கு மக்கள் எழுதியனுப்பிய குறைமுறையீடுகளில் இக்கொடுமை மீண்டும் மீண்டும் இடம்பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் இரவில் கூடிய தேசிய மன்றம் இத்தனியுரிமையை ஒழிக்க முடிவெடுத்தது. தன் நிலத்தில் வேட்டையாடும் உரிமை நிலமுடைய ஒவ்வொருவருக்கும் கிடைத்தது. நிலமற்றவரின் நிலை அப்போதும் மாறவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். விலங்கினங்கள் விரைந்து குறையவே, 1844ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டைக்கு உரிமச் சீட்டையும் பருவ வரம்பையும் விதித்தது.

இவ்வரலாற்றில் திருச்சபையின் குரலும் கேட்கின்றது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், குருக்கள் வேட்டையாடுவதையும் அதற்கென நாய்களை வைத்திருப்பதையும் தடைசெய்தது. அதே திருச்சபையில்தான் புனித ஊபேர் வேடரின் பாதுகாவலராக வணங்கப்படுகின்றார். பெரிய வெள்ளியன்றும் வேட்டைக்குச் சென்ற அவர், கலைமானின் கொம்புகளுக்கிடையே ஒளிரும் குருசைக் கண்டு மனந்திரும்பினார் என்பது மரபுவழிக் கதை. இவருடைய திருநாளாகிய நவம்பர் 3இல் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் வேட்டைநாய்கள் ஆசீர்வதிக்கப்படுகின்றன. துரத்திய விலங்கிடமே குருசைக் கண்ட கதை, குருசைத் தன் பெயரில் ஏந்திய ஊரார்க்கு அயலானதாகத் தோன்றாது.

கான்டர்பரிப் பேராயர் புனித ஆன்செல்ம் பற்றி அவருடைய உடனிருந்த துறவி எட்மர் எழுதிவைத்த நிகழ்ச்சி இன்னும் உருக்கமானது. வழிப்பயணத்தில், நாய்கள் துரத்திவந்த முயல் ஒன்று பேராயரின் குதிரைக் காலடியில் வந்து பதுங்கியது. சூழ்ந்து நின்றோர் நகைத்தனர். அவரோ கண்ணீர் வடித்தார். இறக்கும் வேளையில் எங்கும் புகலிடம் காணாத ஆன்மாவின் தவிப்பை அம்முயலிடம் கண்டதாகக் கூறி, நாய்களைத் தடுத்து அதைப் போகவிட்டார்.

இந்திய நாட்டின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் முயலைச் சிறுவேட்டை விலங்காக வகைப்படுத்தியது. உரிமம் பெற்றோர் வேட்டையாட இடமிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வழியையும் அடைத்தது. கொல்வது மட்டுமன்றி, பிடிப்பதும், கண்ணி வைப்பதும், அதற்கென விரட்டுவதும் குற்றமாயின. இங்கிலாந்தும் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் காட்டுமுயலை நாய்கொண்டு வேட்டையாடுவதைத் தடைசெய்தது. அதன்பின் பல பீகிள் குழுக்கள், முன்கூட்டியே தரையில் இட்டுவைத்த மணத்தடத்தைத் தொடர்ந்து ஓடலாயின. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் பிரான்சிலும் உரிமம் பெற்ற வேட்டை தொடர்கின்றது.

பிரபுவிடமிருந்து உழவனுக்கு வந்த உரிமை, இறுதியில் முயலுக்கே வந்து சேர்ந்தது. இது மானிட இரக்கத்தின் வளர்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு கேள்வி நெஞ்சை உறுத்துகின்றது. கண்ணி வைத்த ஏழை நீதிமன்றத்தில் நிற்கிறான். முயல் வாழ்ந்த முட்புதரையும் புல்வெளியையும் அழித்து வீட்டுமனையாக்குவது பெரும்பாலும் குற்றமாகவே எண்ணப்படுவதில்லை. நாய் பிடிக்கும் முயல் ஒன்று. புதரை அழிக்கும் எந்திரத்திற்கு முயலும் அதன் தலைமுறையும் ஒருங்கே பலியாகின்றன. புதுவையைச் சுற்றியுள்ள செம்மண் மேடுகளைப் பார்த்தவர்க்கு இது விளங்கும்.

நாயின் நிலையும் எண்ணத்தக்கது. தலைமுறை தலைமுறையாக ஓட்டத்திற்கென்றே பேணப்பட்ட இனங்கள், இன்று ஓட இடமின்றிச் சங்கிலியில் கிடக்கின்றன. 2005இல் இராசபாளைய நாய்க்கு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது பாராட்டத்தக்கதே. ஆனால் தபால்தலையில் இடம் கிடைத்தால் மட்டும் ஓர் இனம் வாழ்ந்துவிடாது. வேட்டையின்றி ஓட்டத்தை மட்டும் காக்கும் வழியை மணத்தடம் தேடும் நாய்கள் நமக்குக் காட்டுகின்றன.

நண்பர் கூடுவதும், பனி விலகாத காலையில் நடப்பதும், கொண்டுவந்த உணவைப் பகிர்வதும் மனிதருக்கு இன்றியமையாதவை. வேட்டை அவற்றிற்கு ஒரு காலத்தில் வாய்ப்பளித்தது. உயிர்ப்பலியின்றியும் அவை தழைக்கும். ஆனால் நாம் நடந்துசெல்லும் வழியில் ஒரு புதராவது மிஞ்சியிருக்கவேண்டும். அதனுள் ஒரு முயல் அச்சமின்றிப் படுத்திருக்கவேண்டும். சட்டம் முயலுக்கு உயிரை அளித்தது. இடத்தை அளிக்கவேண்டியவர்கள் நாம்.