முகப்பரு உள்ள முகத்துக்கு மேக்கப்: எதை வாங்கலாம், எப்படிப் பூசலாம், எதைத் தொடவே கூடாது

புத்தூரில் என் வீட்டு முன்விறாந்தையில்தான் மணப்பெண் அலங்காரம் செய்து வருகிறேன். பன்னிரண்டு வருடங்களாகின்றன. ஒருமுறை சித்திரைப் புத்தாண்டு முடிந்த கிழமை ஒரு பிள்ளை தாயோடு வந்தாள். வன்னியிலிருந்து வந்து இங்கே குடியிருப்பவர்கள். "தங்கச்சி, கலியாணத்துக்கு ஆறு கிழமைதான் கிடக்குது. இந்த முகத்தை எப்பிடியாவது மறைச்சு விடுங்கோ" என்றார் தாய்.

பிள்ளையின் இரண்டு கன்னங்களிலும் ஒரே அளவிலான சிவந்த பருக்கள். இடது கன்னத்தில் 2009 இல் ஷெல் துண்டு பட்ட தழும்பு. அந்தத் தழும்பு கனடாவுக்கு அனுப்பும் படத்தில் தெரியக்கூடாதென்று எட்டு மாதங்களாக ஒரு வெள்ளைக் கிறீம் பூசியிருக்கிறாள். தழும்பு அப்படியே இருந்தது. பரு புதிதாக வந்துவிட்டது.

அவளுக்குச் சொன்னவற்றையும், பிழை விட்டு நான் கற்றவற்றையும் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

பரு ஏன் வருகிறது?

தோலின் ஒவ்வொரு மயிர்த்துளையோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. சாமத்தியப்படும் வயதில் ஓமோன்கள் மாறும்போது அது கூடுதலாகச் சுரக்கும். இறந்த தோல் துகள்கள் அந்த எண்ணெயோடு சேர்ந்து துளையை அடைக்கும். அடைபட்ட இடத்தில் பக்டீரியா பெருகி, சிவந்து, வீங்கிப் பருவாகிறது. அழுக்கினால் வருவதல்ல. முகம் கழுவாத பிள்ளை என்று யாரையும் பேச வேண்டாம்.

எங்களைப் போன்ற மாநிறத் தோலில் பருவை விட அது விட்டுப்போகும் கறுப்பு அடையாளம்தான் கூடுதல் கவலை தருவது. பருவைக் கிள்ளினால் அந்த அடையாளம் மாதக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது வெள்ளைக் கிறீம்

மேக்கப் பற்றிப் பேசுவதற்கு முன் நான் கேட்கும் கேள்வி இதுதான்: "முகத்துக்கு இப்ப என்ன பூசுறீங்கள்?"

சில வெள்ளைக் கிறீம்களில் ஸ்டெரொய்ட் மருந்து கலந்திருக்கும். குளோபெட்டசோல், பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்பன அவற்றின் பெயர்கள். சில தோல் நோய்களுக்கு வைத்தியர் குறுகிய காலத்துக்குத் தரும் மருந்துகள் இவை. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் முதலில் வெளுக்கும், பரு அடங்கும். பிறகு தோல் மெலியும், வெயிலில் எரியும், சிறு இரத்த நாளங்கள் தெரியும், மயிர் வளரும், ஒரே அளவிலான பருக்கள் கூட்டமாக வரும். நிறுத்தினால் இன்னும் சிவக்கும் என்பதால் பயந்து மறுபடி பூசுவார்கள். நீண்ட நாள் பூசியவர்கள் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் காட்டுவது நல்லது. எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

இன்னும் சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். பூசியவரின் கையிலிருந்தும் துவாயிலிருந்தும் வீட்டிலுள்ள குழந்தைக்கும் போகும். மினமாட்டா உடன்படிக்கையின்படி, பாதரசம் சேர்த்த வெளுக்கும் கிறீம்களின் உற்பத்தியும் இறக்குமதியும் 2020 உடன் முடிந்திருக்க வேண்டும். இலங்கை 2017 இல் அந்த உடன்படிக்கையில் இணைந்தது. ஆனாலும் உலகெங்கும் அவை விற்பனையாகின்றன.

கண்டுபிடிக்க ஒரு குறிப்பு: தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும் என்று டப்பாவில் எழுதியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். பாதரசம் அந்த உலோகங்களோடு கலப்பதால்தான் அப்படி எழுதுகிறார்கள். உள்ளடக்கப் பட்டியலோ, தயாரித்தவர் முகவரியோ, திகதியோ இல்லாத டப்பாவும் வேண்டாம். முறைப்பாடு செய்ய நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது.

வாங்கும்போது

"ஒயில் ஃப்ரீ", "நொன் கொமிடோஜெனிக்" என்று எழுதியவற்றைத் தேடுங்கள். துளையை அடைக்காதது என்பது இரண்டாவதன் பொருள். இது நிறுவனம் தானே எழுதிக்கொள்ளும் சொல், உத்தரவாதமல்ல. ஆகவே புதிய பொருளைத் தாடையோரம் சிறிதாக ஐந்தாறு நாட்கள் பூசிப் பாருங்கள். கலியாணத்துக்கு முதல்நாள் புதிதாக எதையும் முகத்தில் வைக்க வேண்டாம்.

கட்டியான குச்சி வடிவப் பவுண்டேசனை விட, தண்ணீர்த் தன்மையான மெல்லிய பவுண்டேசன் பருவுக்கு நல்லது. வாசனை கூடியவை எரிச்சல் தரும். தேங்காயெண்ணெய் தலைக்கு நல்லது. பரு வரும் முகத்துக்கு வேண்டாம், துளையை அடைக்கும்.

நிறம் பார்ப்பதைக் கடையின் ரியூப் லைட் வெளிச்சத்தில் செய்யாதீர்கள். தாடையில் ஒரு கோடு பூசிக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கழுத்தின் நிறத்தோடு கரைந்து மறைவதுதான் உங்கள் நிறம். "ஒரு படி வெள்ளையா எடுங்கோ" என்று கேட்கும் தாய்மாருக்கு நான் சொல்வது, அப்படி எடுத்தால் படத்தில் முகம் சாம்பல் பூத்துத் தெரியும் என்பதுதான்.

திறந்த மூடியுள்ள டப்பாவின் படமும் அதில் 6 அல்லது 12 என்ற எண்ணும் இருக்கும். திறந்த பின் அத்தனை மாதங்களுக்குத்தான் பாவிக்கலாம். 2022 நெருக்கடியில் இறக்குமதி கட்டுப்பட்டபோது பலர் பழையவற்றைப் பத்திரப்படுத்தினார்கள். இப்போதும் அலுமாரியில் கிடந்தால் எறிந்துவிடுங்கள்.

பூசும் முறை

1. கையைக் கழுவி, மென்மையான ஃபேஸ் வோஷினால் முகத்தைக் கழுவுங்கள். துவாயால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

2. ஜெல் வகை மொய்ஸ்சரைசர் பூசி ஐந்து நிமிடம் விடுங்கள். பகலென்றால் அதன்மேல் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிறீன். கறுப்பு அடையாளம் மங்க இதை விடப் பெரிய உதவி இல்லை.

3. சிவந்த பருவின் மேல் இளம்பச்சைக் கரெக்டர் ஒரு துளி. கறுப்பு அடையாளத்துக்குச் செம்மஞ்சள். பச்சை கூடினால் மாநிறத்தில் சாம்பலாகத் தெரியும்.

4. கொன்சீலரைப் பருவின் மேல் மட்டும் சிறு பிறஷ்ஷால் ஒற்றுங்கள். இழுத்துப் பூசினால் மருந்தும் மேக்கப்பும் சேர்ந்து கழன்றுவிடும்.

5. பவுண்டேசனை மூக்கின் இரு பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெல்லிதாகப் பரப்புங்கள். இரண்டு மெல்லிய பூச்சு ஒரு தடித்த பூச்சை விட நேரம் நிற்கும். எங்கள் வெக்கைக்கு அதுதான் சரி.

6. நெற்றி, மூக்கு, நாடியில் மட்டும் பவுடர். வியர்த்தால் ரிஷ்யூவால் ஒற்றியபின் பவுடர் போடுங்கள்.

உடைந்து நீர் கசியும் பருவின் மேல் எதையும் பூச வேண்டாம்.

தொழிலின் தொடக்கத்தில் ஒரு சாமத்தியவீட்டில் சகோதரிகள் மூவருக்கு ஒரே ஸ்பொஞ்சைப் பாவித்தேன். அடுத்த கிழமை மூத்தவளின் முகம் முழுவதும் பொங்கிவிட்டது. இன்றைக்கு ஆளுக்கொரு ஸ்பொஞ். பிறஷ்களை ஒவ்வொருவருக்குப் பின்னும் கழுவிக் காயவைக்கிறேன். வீட்டில் பாவிப்பவர்கள் கிழமைக்கு ஒருமுறையாவது கழுவுங்கள்.

கழுவி எடுக்கும் முறை

படுக்க முன் மேக்கப்பைக் கட்டாயம் அகற்றுங்கள். மைசெலர் வோட்டர் நனைத்த பஞ்சால் முதலில் துடைத்து, பிறகு கழுவுங்கள்.

இங்கே எங்கள் தண்ணீரையும் சொல்ல வேண்டும். நிலாவரைக் கிணறு இருக்கும் இந்தச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கிணற்றுத் தண்ணீர் வன்னீர். சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. அதன் படிவு தோலில் தங்கி எரிச்சல் தரும். அதனால்தான் சவர்க்காரக் கட்டிக்குப் பதில் ஃபேஸ் வோஷ் என்கிறேன். நாளுக்கு இரண்டு தடவை போதும்.

எனக்குப் பரு வந்தது பதின்மூன்று வயதில். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தோம். பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் எட்டாத விலை. உடுப்புக்குப் பனங்களி போட்டுத் தோய்த்த காலம் அது. பாடசாலை மண்டபத்தில் இத்தனை பேருக்கு நடுவில் முகத்தை மறைக்க, அம்மாவின் பழைய பவுடரை அப்பிக்கொண்டிருந்தேன். மறைக்க நினைக்கும் பிள்ளையின் மனம் எனக்குத் தெரியும்.

காயத் தழும்புகளுக்கு

மேக்கப் நிறத்தைச் சமப்படுத்தும். பள்ளத்தையோ மேட்டையோ இல்லாமல் செய்யாது. ஆறாத காயத்தில் பூசக்கூடாது. தழும்புக்கென்றே கமோஃபிளாஜ் கிறீம் என்று தடித்த வகை உண்டு. பிறவி அடையாளத்தோடு வாழ்ந்த லிடியா ஓ'லியரி என்ற அமெரிக்கப் பெண் அப்படியொன்றைத் தயாரித்து 1932 இல் காப்புரிமை பெற்றார். பிரித்தானியாவில் செஞ்சிலுவைச் சங்கம் 1975 இல் தொடங்கிய இந்தச் சேவையை 2011 முதல் சேஞ்சிங் பேசஸ் என்ற தொண்டு நிறுவனம் நடத்துகிறது. அங்குள்ள உறவுகள் கேட்டுப் பார்க்கலாம்.

எப்போது வைத்தியரிடம் போவது?

கட்டியாகி நோகும் பரு, குழி விழும் பரு, மாதவிடாய் ஒழுங்கின்மையோடும் முகமயிரோடும் வரும் பரு, மூன்று மாதமாகியும் குறையாத பரு ஆகியவற்றுக்கு மேக்கப் பதிலல்ல. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் தோல் நோய்க் கிளினிக் இருக்கிறது. அரச வைத்தியசாலையில் பணம் இல்லை. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு எண்ணியிருப்பவர்களும் அதை முதலிலேயே சொல்லுங்கள். சில பரு மருந்துகள் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். எலுமிச்சம்புளி, பற்பசை வைத்தியங்கள் தோலை எரிக்கும்.

அந்தப் பிள்ளையையும் கிளினிக்குக்குத்தான் அனுப்பினேன். கிறீமைக் குறைத்த முதல் மூன்று கிழமை முகம் இன்னும் சிவந்தது. தாய் என்னோடு கோபித்து வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னார். ஐந்தாம் கிழமை எரிவு அடங்கத் தொடங்கியது. கலியாணத்தன்று பருக்கள் சில இருந்தன. அவற்றின் மேல் மட்டும் மெல்லிதாகப் பூசினேன். தழும்புக்கு பிறஷ்ஷை எடுத்தபோது என் கையைப் பிடித்தாள்.

"அதை விடுங்கோ அக்கா. அவர் வீடியோக் கோலில பார்த்திட்டார். என்னெண்டு கேட்டவர், சொல்லிப்போட்டன்."

தாய் ஒன்றும் பேசவில்லை. நான் பிறஷ்ஷை வைத்துவிட்டுப் பூமாலையை எடுத்தேன்.