ஆங்கிலத்துக்குப் போன ஒரு சாதிப்பெயர்

ஆங்கிலத்தில் உள்ள தமிழ்ச் சொற்கள் என்றதும் நாம் பெருமையோடு சொல்வது கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் ஆகியவற்றைத்தான். அவை 'கட்டமரான்', 'செரூட்', 'மல்லிகடானி' ஆன கதை பலருக்கும் தெரியும். அந்த வரிசையில் நம்மவர் பெரும்பாலும் சேர்க்காத சொல் ஒன்று உண்டு. அதைப் பற்றியே இம்மாதம் பேசுகிறேன்.

ஆங்கிலச் செய்திகளில் 'பரையா ஸ்டேட்' என்று கேட்டிருப்பீர்கள். உலகம் ஒதுக்கிவைத்த நாடு என்று பொருள். இனவெறி ஆட்சிக்காலத்துத் தென்னாபிரிக்காவை அப்படித்தான் சொன்னார்கள். எந்த நல்ல ஆங்கில அகராதியைப் புரட்டினாலும், அந்தச் சொல் தமிழின் 'பறையர்' என்பதிலிருந்து வந்தது என்று போட்டிருக்கும்.

பறை என்றால் முரசு. பறைதல் என்றால் சொல்லுதல். புறநானூற்றின் 335ஆம் பாடல் சிறப்பித்துச் சொல்லும் நான்கு குடிகளில் பறையனும் ஒருவன். அங்கே இழிவு எதுவும் இல்லை.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசரும், அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலேயரும் இப்பெயரை எழுதிவைத்தார்கள். நாளடைவில் ஐரோப்பியர் அதைத் தாழ்த்தப்பட்டோர் எல்லோருக்கும் பொதுப்பெயராக்கினர். பிறகு தெருநாய், பருந்து, மட்டமான சாராயம் ஆகியவற்றுக்கும் அதையே அடைமொழியாக ஒட்டினர். யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹொப்சன்-ஜொப்சன்' அகராதியில் இவற்றைக் காணலாம். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

பிரெஞ்சுக்காரர் கையில் சொல் வேறு திசையில் போனது. 1791இல் பெர்னார்டின் டி சென்-பியேர் எழுதிய 'இந்தியக் குடிசை' என்ற கதையில், உண்மையைத் தேடி அலையும் ஆங்கில அறிஞர் ஒருவருக்கு அது ஒரு பறையரின் குடிசையில் கிடைக்கிறது. 1838இல் ஃப்ளோரா த்ரிஸ்தான் தம் பயணநூலின் தலைப்பிலேயே தம்மை 'பரியா' என்றார். 1944இல் ஹன்னா அரென்ட் யூதர்களின் நிலையை விளக்க இதே சொல்லை எடுத்தார். ஒடுக்கப்பட்டவர்கள் தங்களுக்காகப் பேச இந்தச் சொல்லைக் கையாண்டது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆனால் அதற்கு உரியவர்களை அவர்களில் எத்தனை பேர் நினைத்தார்களோ!

உரியவர்கள் சும்மா இருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே சென்னையில் பத்திரிகை தொடங்கினார். இழிவு என்று பிறர் சொன்னதை முகப்பில் அச்சிட எவ்வளவு துணிவு வேண்டும்! வேறு சிலர் அந்தப் பெயரே வேண்டாம் என்றனர். எம்.சி. ராஜா முதலியோரின் முயற்சியால் 1922இல் சென்னை அரசு 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்றது. ஆங்கில அகராதியில் மட்டும் பழைய சொல் அப்படியே தங்கிவிட்டது.

இதற்கு வெள்ளைக்காரரை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்ப முடியாது. ஒதுக்கிவைத்தவர்கள் நாம், அதைப் பார்த்துச் சொல்லாக்கியவர்கள் அவர்கள். ஊரில் எங்கள் வீடுகளிலும் அது வசைச்சொல்லாகவே புழங்கியது. இன்று புலம்பெயர்ந்த நாடுகளில் நம் பிள்ளைகள் பறை பழகி மேடையேறுகிறார்கள். நாம் கைதட்டுகிறோம், கலியாணப் பேச்சு வந்ததும் ஊரில் எந்தப் பகுதி என்று விசாரிக்கிறோம்.

செய்தி மொழிபெயர்க்கும்போது 'பரையா ஸ்டேட்' வந்தால் 'உலக நாடுகள் ஒதுக்கிவைத்த நாடு' என்று எழுதுகிறேன். வாசிக்க இரண்டு விநாடி கூடுதலாகப் பிடிக்கிறது.