தாவரப் பாலில் மலர்மணக் காப்பி

மலர்மணக் காப்பி என்பது உண்ணத்தக்க மலர்களின் மணம் ஏற்றப்பட்ட காப்பி வகைப் பானங்களைக் குறிக்கும். லாவெண்டர், ரோஜா, ஆரஞ்சுப் பூ, மல்லிகை ஆகியன இதற்குப் பயன்படும் மலர்களுட் சிலவாகும். விலங்குப் பாலுக்குப் பதிலாக ஓட்ஸ், சோயா, வாதுமை, தேங்காய் முதலியவற்றிலிருந்து பெறப்படும் தாவரப் பாலைக் கொண்டும் இப்பானங்கள் தயாரிக்கப்படுகின்றன. வீட்டில் தயாரிக்கும்போது இரண்டு இடர்கள் எழுகின்றன. ஒன்று, காப்பியின் அமிலத்தன்மையால் தாவரப் பால் திரிந்துபோதல். மற்றொன்று, உண்ணத்தகாத மலர்களையோ எண்ணெய்களையோ அறியாமல் பயன்படுத்துதல். முதலாவது சுவையைக் கெடுக்கும். இரண்டாவது உடல்நலத்தைக் கெடுக்கும்.

வரலாறு

காப்பியில் மலர் மணம் சேர்ப்பது புதிய வழக்கமன்று. அரபு நாடுகளில் காப்பியுடன் ஏலக்காய், குங்குமப்பூ, பன்னீர் போன்றவை சேர்க்கப்படுவதுண்டு. இவற்றுள் குங்குமப்பூ என்பது ஒரு மலரின் சூலகமுடி ஆகும். அரபுக் காப்பி வழங்கும் மரபை யுனெஸ்கோ அமைப்பு 2015 ஆம் ஆண்டில் மனித குலத்தின் பண்பாட்டு மரபுரிமைகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. தூனிசியாவில் காப்பியில் ஆரஞ்சுப் பூ நீர் சில துளிகள் விடப்படுகிறது. லெபனானில் "வெள்ளைக் காப்பி" எனப்படும் பானத்தில் காப்பியே இல்லை. அது ஆரஞ்சுப் பூ நீர் கலந்த வெந்நீர் ஆகும்.

தாவரப் பாலும் பழமையானதே. இடைக்கால ஐரோப்பாவில் கிறித்தவர்கள் நோன்பு நாட்களில் விலங்குப் பாலைத் தவிர்த்து வாதுமைப் பாலைப் பயன்படுத்தினர். தென்னிந்திய, இலங்கைச் சமையலில் தேங்காய்ப் பால் நெடுங்காலமாக இடம்பெறுகிறது. இன்று காப்பிக் கடைகளில் பரவலாகக் காணப்படும் ஓட்ஸ் பால், சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ரிக்கார்ட் ஓஸ்தே 1990களில் மேற்கொண்ட ஆய்விலிருந்து உருவானது.

மலர்களும் அவற்றின் மணமும்

லாவெண்டர்: லினலூல், லினலைல் அசிட்டேட்டு ஆகிய சேர்மங்கள் இதன் மணத்திற்குக் காரணமாகும். லவண்டுலா அங்குஸ்டிபோலியா என்னும் இனமே சமையலுக்கு ஏற்றது. லாவண்டின் என்னும் கலப்பினத்தில் கற்பூர மணம் மிகுதியாதலால், பானம் சவர்க்காரம் போல மணக்கக்கூடும்.

ரோஜா: இதன் மணப்பொருட்களுள் ஒன்றான பினைல் எத்தனால் நீரில் ஓரளவு கரைவதால், ரோஜாவின் மணம் பன்னீரில் நன்கு இறங்குகிறது.

மல்லிகை: இதன் மென்மையான மணம் கொதிநீரில் விரைவில் ஆவியாகிவிடும். தாய்லாந்தில் மல்லிகை மலர்களை இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு நீருக்கு மணமேற்றுவர்.

சங்குப்பூ: இது நிறத்தைத் தருமேயன்றி, குறிப்பிடத்தக்க மணத்தைத் தருவதில்லை. இதன் நீல நிறம் அமிலம் சேரும்போது ஊதாவாக மாறும்.

புளிச்சைப்பூ: இதன் புளிப்பான வடிநீர் தாவரப் பாலைத் திரியச் செய்யும். எனவே பால் சேர்ந்த காப்பிக்கு இது ஏற்றதன்று.

காப்பிக்கொட்டையைத் தெரிவு செய்தல்

சில காப்பி வகைகளில் மலரை ஒத்த மணம் இயல்பாகவே உண்டு. பனாமாவில் விளைந்த கெய்சா வகைக் காப்பி 2004 ஆம் ஆண்டில் அந்நாட்டுப் போட்டியில் முதலிடம் பெற்றதிலிருந்து, மல்லிகை போன்ற அதன் மணத்திற்காக உலகெங்கும் அறியப்பட்டது. இத்தகைய மணம் மென்மையாக வறுத்த கொட்டையில் மிகுதியாக எஞ்சி நிற்கும். கருக வறுத்த கொட்டையும் சிக்கரியும் தம் கசப்பினால் மலர் மணத்தை மறைத்துவிடும்.

எனினும் மென்மையாக வறுத்த காப்பியில் அமிலத்தன்மையும் மிகுதி. மலர் மணத்திற்கு ஏற்ற காப்பியே தாவரப் பாலை எளிதில் திரியச் செய்வதாகவும் அமைகிறது. இதனால் வீட்டுத் தயாரிப்பிற்கு நடுத்தரமாக வறுத்த, சிக்கரி கலவாத காப்பித்தூள் ஏற்றதாகும்.

தாவரப் பால் திரிவதற்கான காரணம்

சோயாப் பாலில் உள்ள புரத மூலக்கூறுகள் ஒரே வகை மின்னேற்றம் கொண்டு ஒன்றையொன்று விலக்குவதால் நீரில் பரவி நிற்கின்றன. பாலின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 4.5 ஐ நெருங்கும்போது இம்மின்னேற்றம் சுழியாகிறது. அப்போது புரதங்கள் ஒன்று சேர்ந்து திரளைகளாகின்றன. காப்பியின் பி.எச். மதிப்பு பொதுவாக 5 ஐ ஒட்டியிருக்கும். வெப்பமும், நீரில் உள்ள கால்சியம், மக்னீசிய உப்புக்களும் திரிதலை விரைவுபடுத்துகின்றன. வாதுமைப் பாலும் இவ்வாறு திரியக்கூடும்.

காப்பிக்கென விற்கப்படும் தாவரப் பால் வகைகள் பலவற்றில் இருபொட்டாசியம் பொசுபேட்டு சேர்க்கப்படுகிறது. இது அமிலத்தைத் தாங்கி, பி.எச். மதிப்பு சட்டென்று இறங்காமல் தடுக்கிறது. ஓட்ஸ் பாலில் புரதம் குறைவாதலால் திரிதலும் குறைவு. ஆயினும் வீட்டில் அரைத்த ஓட்ஸ் பாலைச் சூடாக்கினால் அதன் மாப்பொருள் கஞ்சி போலக் குழகுழப்பாகிவிடும். ஆலைகளில் நொதிகளைக் கொண்டு மாப்பொருள் உடைக்கப்படுவதால் இச்சிக்கல் எழுவதில்லை. அவ்வாறு உடையும்போது மால்ட்டோசு என்னும் சர்க்கரை உண்டாவதால் கடை ஓட்ஸ் பாலுக்கு இயல்பான இனிப்பு உண்டு. தேங்காய்ப் பாலின் சொந்த மணம் மெல்லிய மலர் மணங்களை மறைக்கவல்லது.

செய்முறை

லாவெண்டர் மணமேற்றிய ஓட்ஸ் பால் காப்பியின் செய்முறை பின்வருமாறு. மலரை நேரடியாகக் காப்பியில் இடாமல், சர்க்கரைப் பாகில் மணத்தை இறக்கிச் சேர்ப்பதே சிறந்தது. இதனால் மணத்தின் அளவைத் துளித்துளியாகக் கட்டுப்படுத்த முடியும்.

பாகு தயாரித்தல்

1. 200 கிராம் சர்க்கரையை 200 மில்லிலீட்டர் நீரில் சூடாக்கிக் கரைக்க வேண்டும்.
2. அடுப்பை அணைத்த பின், உலர்ந்த லாவெண்டர் மொட்டு 2 மேசைக்கரண்டி சேர்த்து மூடிவைக்க வேண்டும். மலருடன் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும்.
3. 20 நிமிடங்களுக்குப் பின் வடிகட்டி, தூய்மையான புட்டியில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். இரண்டு வாரங்களுக்குள் பயன்படுத்திவிடுவது நன்று.

ரோஜா மணம் வேண்டுமெனில் லாவெண்டரை விடுத்து, ஆறிய பாகில் உணவுக்குரிய பன்னீர் 1 மேசைக்கரண்டி கலந்தால் போதுமானது.

காப்பி தயாரித்தல்

1. 30 மில்லிலீட்டர் எஸ்பிரெசோ அல்லது 50 முதல் 60 மில்லிலீட்டர் வரையான கெட்டியான வடிகட்டிக் காப்பி டிகாக்சன் எடுத்து, ஓரிரு நிமிடம் ஆறவிட வேண்டும்.
2. குவளையில் பாகு 2 தேக்கரண்டி இட வேண்டும்.
3. 150 மில்லிலீட்டர் ஓட்ஸ் பாலைக் கொதிக்கவிடாமல் ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வரை சூடாக்கி, நுரை வர அடித்துக் குவளையில் ஊற்ற வேண்டும்.
4. காப்பியைப் பாலில் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும். பாலைக் காப்பியில் ஊற்றினால், முதலில் விழும் சிறிதளவு பால் அமிலம் முழுவதையும் எதிர்கொண்டு திரியக்கூடும்.

குளிர்ந்த நீரில் 12 மணி நேரம் ஊறவைத்து வடிக்கும் காப்பியைக் குளிர்ந்த பாலுடன் கலப்பது திரியாதிருக்க மற்றொரு வழியாகும்.

பாதுகாப்பு

மணம் உள்ள மலர்கள் எல்லாம் உண்ணத்தக்கவை அல்ல. அரளி, மஞ்சள் அரளி ஆகியவற்றில் இதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருட்கள் உள்ளன. ஊமத்தைப் பூவும் நச்சுத்தன்மை உடையது. பெயர் ஒப்புமையும் ஏமாற்றக்கூடும். வட அமெரிக்காவின் கரோலினா மல்லிகை என்பது மல்லிகைக் குடும்பத்தைச் சேராத, நஞ்சுள்ள கொடியாகும்.

பூக்கடைகளில் மாலைக்கும் அலங்காரத்திற்கும் விற்கப்படும் மலர்கள் உண்பதற்கென வளர்க்கப்பட்டவை அல்ல. அவற்றில் பூச்சிக்கொல்லி எச்சங்கள் இருக்கக்கூடும். கழுவுவதால் மட்டும் இவை முற்றிலும் நீங்குவதில்லை. உணவுக்குரியது என்று குறிக்கப்பட்ட உலர்மலர்களையோ, மருந்தடிக்காமல் வீட்டில் வளர்த்த மலர்களையோ பயன்படுத்துவதே பாதுகாப்பானது. இது பன்னீருக்கும் பொருந்தும். தெளிப்பதற்கென விற்கப்படும் பன்னீரில் செயற்கை மணப்பொருட்கள் இருக்கலாம். நறுமண எண்ணெய்கள் மிகவும் செறிவூட்டப்பட்டவையாதலால் அவற்றைப் பானத்தில் சேர்க்கலாகாது.

சோயா, வாதுமை ஆகியன சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்குபவை. எனவே விருந்தினருக்கு வழங்குமுன் எவ்வகைப் பால் என்பதைத் தெரிவித்தல் வேண்டும். மேலும், சோயாப் பால் நீங்கலான பெரும்பாலான தாவரப் பால் வகைகளில் பசும்பாலைவிடப் புரதம் மிகவும் குறைவு. தனியே சேர்க்கப்பட்டாலன்றிக் கால்சியமும் குறைவே. ஆகவே காப்பியில் பாலின் இடத்தை இவை நிரப்பினாலும், உணவில் பாலின் இடத்தை அப்படியே நிரப்புவதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக இவற்றைக் கொடுக்கலாகாது.