தட்டியது ஒன்று, வந்தது வேறு: தமிழ் விசைப்பலகையில் நடப்பது என்ன?

தேக்கா நிலையத்தில் நின்றபடி "வள்ளி அக்கா, வந்துவிட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் தட்டுகிறோம். போய்ச் சேர்வதோ "வல்லி அக்கா". பெயர் மாறினால் சிரித்துவிட்டுப் போகலாம். இரங்கல் செய்தியில் சொல் மாறினால் மனம் புண்படும். இரண்டு முறை சூடுபட்ட பெரியவர்கள் பலர், தமிழ்ச் செய்தியை ஆங்கில எழுத்திலேயே எழுதத் தொடங்கிவிடுகின்றனர்.

சொல்லை மாற்றியது எது என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும். விசைப்பலகைகளில் சில விதிப்படி நடப்பவை, சில ஊகிப்பவை.

தமிழ்99 விதிப்படி நடப்பது. விசைப்பலகையைப் பொதுவாக்கும் பேச்சு 1997ல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் எழுந்தது. 1999ல் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தமிழ்99ஐ ஏற்றது. இதில் ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். 'ங'வை அடுத்து 'க'வைத் தட்டினாலும் "ங்க" வரும். "அக்கா", "தங்கம்" எழுத இது வசதி. ஆனால் "மனனம்" என்று தட்டினால் "மன்னம்" வந்து நிற்கும்! இரண்டு 'ன'வுக்கும் நடுவே 'அ' விசையைத் தட்ட வேண்டும். இது கோளாறு அன்று, விதி. அந்த விதியைப் பயனர் கண்ணில் படும்படி யாரும் எழுதி வைப்பதில்லை என்பதுதான் குறை.

மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் முறையும் விதிப்படியே நடக்கும். கைப்பேசியில் தமிழ் எழுத 2005ல் சிங்கப்பூரில் அறிமுகமான செல்லினமும் அவருடையதே. அஞ்சலில் ஆங்கில 'ஏ' ஒருமுறை என்றால் குறில், இருமுறை என்றால் நெடில். கடைசி 'ஏ'யை ஒருமுறை மட்டும் தட்டினால் "அம்மா", "அம்ம" ஆகிவிடுவார். சிறிய 'எல்' லகரம், பெரிய 'எல்' ளகரம்.

கூகலின் ஜிபோர்டில் "ஏபிசி" என்று குறிக்கப்பட்ட தமிழ் முறை ஊகிப்பது. வல்லிக்கும் வள்ளிக்கும் அங்கே ஒரே ஆங்கில எழுத்துகள்தான். மேலே உள்ள பட்டையில் இரண்டும் தெரியலாம். இடைவெளி விசையைத் தட்டினால் முதலில் நிற்பது பதிவாகிவிடும். வள்ளி அக்கா மாறியது இங்கேதான். தட்டுமுன் பட்டையைப் பார்க்க வேண்டும்.

அமைப்புகளில் உள்ள பெயர்களும் குழப்புகின்றன. "சஜஷன்" சொல்லைக் காட்டும், தேர்வு நம்முடையது. "ஆட்டோ கரெக்‌ஷன்" நம்மைக் கேட்காமலேயே மாற்றும். தொல்லை தந்தால் இரண்டாவதை மட்டும் அணைக்கலாம். ஜிபோர்டில் "டெக்ஸ்ட் கரெக்‌ஷன்" பகுதியிலும், ஐஃபோனில் "ஜெனரல்", "கீபோர்டு" என்ற வரிசையிலும் அது இருக்கும். ஊகிக்கும் முறையில் இதை அணைத்தாலும் ஊகம் நிற்காது. அதன் வேலையே ஊகிப்பதுதான்.

தமிழுக்கென்று இன்னொரு சிரமமும் உண்டு. வீடு என்ற ஒரு சொல் வீட்டை, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டிலிருந்துதான் என்று வளர்ந்துகொண்டே போகும். எல்லா வடிவங்களையும் எந்தச் சொற்பட்டியலும் அடக்காது. அதனால் சரியான சொல்லும் பட்டையில் வராமல் போகலாம்.

தவறான சொல் திரும்பத் திரும்ப வந்தால், ஜிபோர்டு பட்டையில் அதை அழுத்திப் பிடித்துக் குப்பைத் தொட்டிக்கு இழுத்துவிடலாம். ஐஃபோனில் "ரீசெட் கீபோர்டு டிக்‌ஷனரி" உண்டு, ஆனால் அது பழகிய சொற்கள் அனைத்தையும் அழித்துவிடும். குடும்பத்தார் பெயர்களை "டெக்ஸ்ட் ரீபிளேஸ்மென்ட்" பகுதியில் ஒருமுறை சரியாகச் சேர்த்துவைப்பது அதைவிட நல்லது.