ஹாம் வானொலியில் பரிசோதனை அலைவரிசை உரிமம்

அமெச்சூர் வானொலி (ஹாம்) உரிமம் பெற்றவர் அந்த உரிமத்தில் ஒதுக்கப்பட்ட அலைவரிசைப் பட்டைகளில் மட்டுமே சிக்னல் அனுப்பலாம். அதற்கு வெளியே ஆய்வு செய்ய நினைத்தால் தனி அனுமதி வேண்டும். பிரிட்டனில் வானொலி ஒழுங்குமுறை அமைப்பு, ஏற்கெனவே உள்ள ஹாம் உரிமத்தின் நிபந்தனைகளைத் திருத்தி இந்த அனுமதியை வழங்கி வந்திருக்கிறது. 1996 முதல் 2003 வரை 73 கிலோஹெர்ட்ஸ் பட்டையும், 2002 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் பகுதியும் இப்படித்தான் திறந்தன. அமெரிக்க நடைமுறை வேறு. அங்கே பரிசோதனை உரிமம் ஹாம் உரிமத்தோடு தொடர்பில்லாத தனி ஆவணம். கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தின் (எஃப்சிசி) பொறியியல், தொழில்நுட்ப அலுவலகம் விதித்தொகுப்பின் 5ஆம் பகுதியின்படி அதை வழங்குகிறது.

விண்ணப்பம் 442 என்ற எண்ணுள்ள படிவத்தில் செய்யப்படுகிறது. அதிர்வெண், திறன், பண்பேற்ற வகை, ஆண்டெனா இருக்கும் இடம், அதன் உயரம் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். இவற்றைவிட முக்கியமானது, என்ன கண்டறியப் போகிறோம் என்ற விளக்கவுரை. புதிய பட்டையில் நண்பர்களோடு பேச ஆசை என்று எழுதினால் போதாது. ஆய்வுத் திட்டம் ஒன்று இருந்தாக வேண்டும். கேட்கும் அலைவரிசையை அரசுத் துறைகளும் பயன்படுத்துமானால் அவற்றின் ஒப்புதலும் தேவை. குறுகிய காலச் சோதனைக்கு, அதிகபட்சம் 6 மாதம் செல்லும் தற்காலிகச் சிறப்பு அனுமதியும் உண்டு. உரிமம் கிடைத்தவருக்குப் புதிய அழைப்புக்குறி தரப்படும். அதில் எண்ணை அடுத்து வரும் ‘எக்ஸ்’ எழுத்து பரிசோதனை நிலையம் என்பதைக் காட்டும். பிறருக்கு இடையூறு நேர்ந்தால் உடனே நிறுத்த வேண்டும். தனக்கு இடையூறு நேர்ந்தால் பாதுகாப்புக் கோர முடியாது.

இம்முறையின் பயனுக்குத் தெளிவான சான்று டபிள்யூடி2எக்ஸ்எஸ்எச் என்ற அழைப்புக்குறி கொண்ட பரிசோதனை உரிமம். 500 கிலோஹெர்ட்ஸ், கப்பல்கள் மோர்ஸ் குறியீட்டில் ஆபத்துதவி கோரிய சர்வதேச அலைவரிசை. செயற்கைக்கோள் சார்ந்த புதிய கடல் பாதுகாப்பு முறை 1999இல் முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் அங்கே ஆள் நடமாட்டம் குறைந்துபோனது. அமெரிக்க ஹாம்களின் தேசிய அமைப்பான ஏஆர்ஆர்எல் அந்த வெற்றிடத்தைக் கவனித்து விண்ணப்பித்தது. 2006 செப்டம்பரில் 505 முதல் 510 கிலோஹெர்ட்ஸ் வரை, 20 வாட் வரையிலான கதிர்வீச்சுத் திறனில், நாட்டின் பல பகுதிகளில் பரவியிருந்த 23 நிலையங்களுக்குச் சேர்த்து ஒரே உரிமம் கிடைத்தது. தரையை ஒட்டிச் செல்லும் அலை வட்டார அளவிலான அவசரத் தொடர்புக்கு உதவுமா என்பது அவர்கள் முன்வைத்த கேள்விகளில் ஒன்று. நிலையங்களும் பட்டையும் பின்னர் விரிவாக்கப்பட்டன.

20 வாட் என்பது கேட்கச் சிறிதாக இருக்கலாம். ஆனால் இந்த அதிர்வெண்ணில் அலைநீளம் ஏறக்குறைய 600 மீட்டர். அதில் கால் பங்கு உயரம் என்றாலே 150 மீட்டர் கோபுரம் வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் நிற்பதோ 15 மீட்டர் கம்பி. அதன் கதிர்வீச்சுத் தடை ஒரு ஓமுக்கும் குறைவு, மண்ணில் இழப்போ பல ஓம். 100 வாட் செலுத்தினால் 1 வாட் அளவுக்கே அலையாக வெளியேறும், மீதி மண்ணையும் சுருளையும் சூடாக்கும். ஆண்டெனாவை ஒத்திசைக்க, பிளாஸ்டிக் வாளியிலோ பெரிய பிவிசி குழாயிலோ கம்பியைச் சுற்றிச் சுருள் செய்கிறார்கள். அதன் மேல்முனையில் பல ஆயிரம் வோல்ட் எழும், கிட்டே போகக் கூடாது. இத்தனைக்கும் பிறகு வெளியேறும் சொற்பத் திறனையும் தொலைவில் பிடித்துவிட முடிகிறது. நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் ஜோ டெய்லர் 2008இல் வெளியிட்ட டபிள்யூஎஸ்பிஆர் மென்பொருள், 6 ஹெர்ட்ஸ் அகலச் சிக்னலை ஏறத்தாழ இரண்டு நிமிடம் கேட்டு, இரைச்சலுக்கு அடியில் புதைந்திருந்தாலும் எடுத்துத் தருகிறது.

2012இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு 472–479 கிலோஹெர்ட்ஸை இரண்டாம் நிலைப் பயனாளர் என்ற தகுதியில் அமெச்சூர்களுக்கு ஒதுக்கியது. பல நாடுகளில் பரிசோதனை உரிமங்களின்கீழ் செய்யப்பட்ட பணி இதற்குத் துணை நின்றது. ஆனாலும் அமெரிக்காவில் அது நடைமுறைக்கு வர மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின. மின் நிறுவனங்கள் உயரழுத்தக் கம்பிகளின் வழியே இதே பகுதியில் கட்டுப்பாட்டுச் சிக்னல்களை அனுப்புகின்றன. குறுக்கீடு வரும் என்று அவை அஞ்சின. பரிசோதனை நிலையங்கள் ஆண்டுக்கணக்கில் இயங்கிய அனுபவம் இல்லையென்றால் அந்த அச்சத்துக்கு வெறும் வாதத்தைத் தவிர வேறு பதில் இருந்திருக்காது.

எஃப்சிசி 2017 மார்ச்சில் விதிகளை வெளியிட்டது. 472–479 கிலோஹெர்ட்ஸ் அடங்கிய 630 மீட்டர் பட்டையில் பொதுவாக 5 வாட், ரஷ்யாவை ஒட்டிய அலாஸ்காப் பகுதியில் 1 வாட் எல்லை. கூடவே 2200 மீட்டர் பட்டையும் 1 வாட்டில் திறந்தது. இவற்றில் இயங்க விரும்பும் ஹாம், மின் நிறுவனங்களின் கூட்டமைப்பான யூடிசிக்கு ஆண்டெனா இருக்கும் இடத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். 30 நாளில் ஆட்சேபம் வராவிட்டால் தொடங்கலாம். அக்டோபரில் முதல் நிலையங்கள் பேசத் தொடங்கின. மின் நிறுவனங்களின் கட்டுப்பாட்டுச் சிக்னல் ஓடும் உயரழுத்தக் கம்பிக்கு 1 கிலோமீட்டருக்குள் ஆண்டெனா வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டைகள் இன்றும் மூடியே இருக்கின்றன.