ஒரு பெயர், பல வடிவங்கள்

பீற்றில்ஸ் குழுவினரின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ இசைத்தட்டு, 1967ஆம் ஆண்டு மோனோ, ஸ்டீரியோ என இருவகையாக இங்கிலாந்தில் வெளிவந்தது. குழுவினர் மிகுந்த கவனஞ் செலுத்தியது மோனோவுக்கே. ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ என்னும் பாடல் அதில் சற்று விரைந்தும் சுருதி உயர்ந்தும் ஒலிக்கும். ஆயினும், 1987இல் குறுந்தட்டாக வந்தது ஸ்டீரியோ வடிவமே. மோனோ 2009இலேதான் அப்பேறு பெற்றது. 2017இல் ஜைல்ஸ் மார்ட்டின் மூல ஒலிநாடாக்களைக் கொண்டு மற்றொரு ஸ்டீரியோ வடிவம் அமைத்தார்.

இன்று கணினியில் இசை சேமிப்போர் பெயரை மட்டும் குறித்தால், இவையாவும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இரட்டிப்பென எண்ணி ஒன்றை அழிப்பவர், கலைஞர் பெரிதும் உழைத்த வடிவத்தையே இழத்தல் கூடும். எனவே, பெயருடன் மோனோவா ஸ்டீரியோவா என்பதையும், முதல் வெளியீட்டாண்டு, அவ்வடிவம் வெளிவந்த ஆண்டு ஆகிய இரண்டையும் எழுதி, வெவ்வேறு தொகுதிகளாக வைத்தல் வேண்டும். பாடபேதங்களைப் பேணுவதும் வரலாற்றைப் பேணுவதேயாம்.