வடிசாலைக்கு மேலே ஓர் அறை

ஐரோப்பாவிலே இரண்டு மூன்று நாட்கள் ஓய்வு கிடைத்தால் நல்ல பியர் அருந்துவதற்கு எந்த நகருக்குச் செல்லலாம், அங்கு எந்த ஹோட்டலில் தங்கலாம் என்று நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. இலண்டனிலும் பாரிஸிலும் குடியேறிவிட்ட பழைய பத்திரிகை நண்பர்களே இவர்களுள் அதிகம். முதலாவது கேள்விக்கு மியூனிக், பிராக், பிரசல்ஸ் ஆகிய மூன்றில் ஒன்றையே விடையாக எதிர்பார்க்கிறார்கள். நான் ஜேர்மனியின் பாம்பேர்க் நகரைச் சொல்வேன். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வதற்கு ஐந்நூறு ஆண்டு வரலாற்றைச் சற்றுப் புரட்ட வேண்டியிருக்கிறது.

மியூனிக்கைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. அங்குள்ள ஹோஃப்பிரொய்ஹவுஸ் 1589 ஆம் ஆண்டில் பவேரிய கோமகனின் அரண்மனைத் தேவைக்காகத் தொடங்கப்பட்ட வடிசாலை. 1810 இல் இளவரசர் லுட்விக்கின் திருமண விழாவாகத் தொடங்கிய ஒக்டோபர் விழா இன்று உலகறிந்தது. ஆனால் அந்த விழா நாட்களில் மியூனிக்கில் ஹோட்டல் அறைக்குக் கேட்கும் பணத்தைக் கொண்டு சிறு நகரமொன்றில் பல இரவுகள் தங்கிவிடலாம். அத்துடன் அங்கே வடிசாலை ஓரிடத்திலும் அருந்தகம் ஓரிடத்திலும் படுக்கை இன்னோரிடத்திலுமாகப் பிரிந்துபோய் நெடுங்காலமாகிவிட்டது. (வடிசாலை என்று எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு சிறு உறுத்தல் உண்டு. சாராயம் வடிக்கப்படுவது, பியர் நொதிக்க வைக்கப்படுவது. ஆயினும் நமது பத்திரிகைகள் பழக்கிவிட்ட சொல்லை இனி மாற்றுவதற்கில்லை.)

பாம்பேர்க், பவேரியாவின் வடபகுதியான பிராங்கோனியாவிலே ரெக்னிட்ஸ் ஆற்றின் கரையில் அமைந்த நகரம். எண்பதாயிரத்துக்கும் குறைவான மக்களே வாழ்கின்றனர். 1007 இல் பேரரசர் இரண்டாம் ஹென்றி இங்கு ஆயர் பீடத்தை நிறுவினார். பிற்காலத்தில் அந்த ஆயர்களே நாட்டை ஆளும் இளவரசர்களாகவும் விளங்கினர். 1802 இல் பவேரியா இந்நகரைத் தன்வசப்படுத்தும் வரை இந்நிலை நீடித்தது.

பியர் தயாரிப்பதற்கு மோல்ற், ஹொப்ஸ், தண்ணீர் ஆகியவற்றைத் தவிர வேறெதனையும் பயன்படுத்தலாகாது என்ற புகழ்பெற்ற பவேரியச் சட்டம் 1516 ஆம் ஆண்டுக்குரியது. அதே கட்டளையை பாம்பேர்க்கின் ஆயர் இளவரசர் ஹைன்றிஹ் குரோஸ் ஃபொன் ட்ரொக்காவ் 1489 இலேயே பிறப்பித்துவிட்டார். பாம்பேர்க் மக்கள் இந்த இருபத்தேழு வருட முந்துரிமையைச் சொல்லிப் பெருமைப்படுகின்றனர். பெருமைப்படட்டும். ஆனால் அந்தக் கட்டளை இடம்பெற்றது மதுவரி தொடர்பான ஒழுங்குவிதிகளிலே என்பதையும் கவனிக்க வேண்டும். குடிமக்களின் வயிற்றைப் பற்றிய கரிசனை அரசுக்கு வரும்போது, திறைசேரியின் கரிசனையும் கூடவே வருவது எந்த நாட்டிலும் நடப்பதுதான். 1818 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 17,000 மக்கள் வாழ்ந்த இந்நகரில் 65 வடிசாலைகள் இருந்தன. இன்று பத்துக்குச் சற்று மேற்பட்டவையே எஞ்சியுள்ளன.

இனி ஹோட்டலுக்கு வருவோம். 1993 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பாம்பேர்க்கின் பழைய நகரம் மூன்று பகுதிகளைக் கொண்டது. பேராலயம் நிற்கும் குன்றுப் பகுதி ஒன்று. ஆற்றின் இரு கிளைகளுக்கு இடையிலுள்ள தீவுப் பகுதி மற்றொன்று. ஆற்றின் வலது கிளைக்கு அப்பால், காய்கறித் தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பகுதி மூன்றாவது. வழிகாட்டி நூல்கள் முதலிரண்டையுமே சிபாரிசு செய்யும். யன்னலைத் திறந்தால் பேராலயக் கோபுரம் தெரியும் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் பியருக்காகச் செல்பவர் மூன்றாவது பகுதியிலேயே தங்க வேண்டும் என்பது எனது கருத்து.

அதற்குக் காரணம் ஒரு வீதி. இன்று ஓபரெ கேனிக்ஷ்ட்ராசே, அதாவது மேல் இராச வீதி, எனப்படும் இவ்வீதி முன்னர் ஷ்டைன்வேக், கல்வீதி, என்றே அழைக்கப்பட்டது. வணிகப் பாரவண்டிகள் நகருக்குள் வந்துபோன பெருவழி இது. வண்டிக்காரனுக்கு வேண்டியவை மூன்று: குதிரைக்குத் தீனியும் தொழுவமும், தனக்குப் பியரும் உணவும், இரவுக்குப் படுக்கை. மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொடுத்த வீடுகள் இவ்வீதியில் எழுந்தன. பாரவண்டி உள்ளே நுழையத்தக்க அகன்ற வாயில், அதன் பின்னே முற்றம், பின்புறத்திலே வடிசாலை, வீதிப் பக்கம் அருந்தும் கூடம், மேலே அறைகள் என்பதே அவற்றின் அமைப்பு. 1844 இல் நியூரம்பேர்க்கிலிருந்து புகையிரதப் பாதை வந்ததும் பாரவண்டிகளின் காலம் முடிவை நெருங்கியது. வீடுகள் சில நிலைத்தன. அவற்றுள் இரண்டு இன்றும் ஏறத்தாழ எதிரெதிரே நின்று, தாமே பியர் காய்ச்சி, தமது மாடியில் விருந்தினருக்குப் படுக்கையும் கொடுக்கின்றன. ஒன்று ஸ்பெட்சியால், 1536 ஆம் ஆண்டிலிருந்து. மற்றையது ஃபெஸ்லா, 1649 இலிருந்து.

1649 என்ற ஆண்டு என்னைச் சிந்திக்க வைத்தது. ஐரோப்பாவை நாசமாக்கிய முப்பதாண்டுப் போர் முடிவுற்றது 1648 இல். அதற்கு முந்திய இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் பாம்பேர்க் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. 1626 க்கும் 1631 க்கும் இடையில் சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டி நூற்றுக்கணக்கானோரை ஆயரின் ஆட்சி சித்திரவதை செய்து கொன்றது. நகர முதல்வராயிருந்த யோஹான்னஸ் யூனியுஸும் அவர்களுள் ஒருவர். 1628 இல் மரணத்துக்குக் காத்திருந்த அவர், சித்திரவதையில் சிதைந்த கைகளால் தம் மகளுக்கு எழுதி, சிறையிலிருந்து இரகசியமாக அனுப்ப முயன்ற கடிதம் இன்றும் பேணப்படுகிறது. 1632 இல் சுவீடன் படைகள் நகரைப் பிடித்தன. இத்தனைக்கும் பிறகு, சமாதானம் ஏற்பட்ட மறு ஆண்டில், ஒருவர் இந்த வீதியிலே பியர் காய்ச்சத் தொடங்குகிறார். மீண்டும் வண்டிகள் வரும், வருபவர்களுக்குத் தாகம் இருக்கும் என்ற நம்பிக்கையில் அடுப்பு மூட்டப்பட்டிருக்கிறது. ஃபெஸ்லா என்ற பெயருக்கு அவ்வூர் வழக்கிலே சிறு பீப்பாய் என்பது பொருள்.

எதிர்வீடான ஸ்பெட்சியாலின் சிறப்பு வேறு. பாம்பேர்க்கின் அடையாளமான புகைப் பியரை, ரவுஹ்பியரை, இடையறாது காத்துவந்த இரண்டே வடிசாலைகளில் அது ஒன்று. மற்றையது ஆற்றுக்கு அப்பால், பேராலயக் குன்றின் அடிவாரத்திலுள்ள ஷ்லெங்கர்லா. அந்த வீட்டைப் பற்றிய முதற் பதிவு 1405 ஆம் ஆண்டுக்குரியது. எப்போதோ ஒரு வடிசாலையில் தீப்பிடித்ததாகவும், புகையேறிய மோல்ற்றை எறிய மனமில்லாத உரிமையாளர் அதிலேயே பியர் காய்ச்ச, அது மக்களுக்குப் பிடித்துப்போனதாகவும் ஒரு கதை உண்டு. உல்லாசப் பயணிகளுக்குச் சொல்ல உகந்த கதை. வரலாறு இதற்கு நேர்மாறானது. முளைகட்டிய வாற்கோதுமையை விறகுத் தீயின் மேல் உலர்த்திய காலத்தில், அவ்வாறு உலர்த்தப்பட்ட மோல்ற் எங்கும் புகை மணத்துடனேயே இருந்தது. அது பாம்பேர்க்குக்கு மட்டும் உரிய விசித்திரமன்று. தீயின் புகை தானியத்தைத் தொடாமல் வெப்பத்தை மட்டும் செலுத்தும் உலர்த்தும் சூளைகள் பரவிய பின்னரே புகையற்ற வெளிர்நிற மோல்ற் மலிவாகக் கிடைத்தது. 1842 இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் யோசெப் குரோல் காய்ச்சிய பொன்னிறப் பியர் அந்த மோல்ற்றின் பிள்ளை. உலகம் முழுவதும் அதன் பின்னால் போயிற்று. ஸ்பெட்சியாலும் ஷ்லெங்கர்லாவும் போகவில்லை. இன்றும் தமது மோல்ற்றைத் தாமே பீச் மர விறகில் உலர்த்திக்கொள்கின்றன. மற்ற வடிசாலைகள் பலவும் மோல்ற்றை விலைக்கு வாங்கும் காலத்தில் இது இலாபக் கணக்குக்குள் அடங்காத பிடிவாதம். 65 பத்துச் சொச்சமாகச் சுருங்கிய ஊரில், இந்த இரண்டு சூளைகளும் அணைந்திருந்தால் ஒரு சுவையின் தொடர்ச்சி முற்றாக அறுந்திருக்கும்.

நான் இவ்வீதியில் இரண்டு இரவுகள் தங்கினேன். அறைகள் எளிமையானவை. நட்சத்திரங்களை எண்ணுபவர்கள் வேறிடம் பார்ப்பது நல்லது. கீழே அருந்தும் கூடத்தின் பேச்சொலி மேலே கேட்கும். ஆனால் இந்த வீடுகள் நம்பியிருப்பது மேல்மாடி வாடகையையும் கீழ்மாடிக் குவளையையும் சேர்த்துத்தான். ஒன்று நின்றால் மற்றதும் தள்ளாடும். புகையிரத நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம் என்பது மேலதிக வசதி.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். முதல் மாலை ஸ்பெட்சியாலில் தொடங்குங்கள். அங்கு புகை மென்மையானது. புகையூட்டிய இறைச்சியை நினைவூட்டும் ஷ்லெங்கர்லாவின் கரும் பியரை அடுத்த நாள் பார்க்கலாம். முதற் குவளையை வைத்துத் தீர்ப்புக் கூறாதீர்கள். மூன்றாவதில்தான் சுவை பிடிபடும் என்று ஊரார் சொல்வதை நான் ஆமோதிக்கிறேன். அரை லீற்றரை அங்கே சைட்லா என்பார்கள். ஃபெஸ்லாவின் வாயிற் கூடத்தில் உள்ளூரார் நின்றபடியே அருந்துவதைக் காணலாம். நீங்களும் அவர்களோடு நிற்கலாம், எவரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள். அந்த வீட்டின் பம்பேர்கேற்றர் என்னும் கடும் பியரில் மதுசாரம் 8.5 வீதம். படுக்கைக்கு மாடிப்படி ஏறினால் போதும் என்பதன் அருமை அப்போது விளங்கும்.

இவ்வகை வீடுகள் ஹோட்டல்கள் போல் எந்நேரமும் வாயில்காப்போன் நிற்பவை அல்ல. வாரத்தில் சில வேளைகளில் அருந்தும் கூடம் முன்கூட்டியே மூடப்படும். அறைகளும் சிலவே. எனவே எந்த நேரத்தில் வந்து சேர்வீர்கள் என்பதை முன்னரே அறிவித்து, திறப்பு யாரிடம் கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.